ஹலோ அங்கிளின் பருப்புக்கறி

கொழும்பில் ஒரு பிள்ளையைப் பட்டினி கிடக்க விடாத விடயத்தில் ஹலோ அங்கிளை வெல்ல ஓர் ஆள் இனிப் பிறந்துதான் வர வேண்டும். அவருடைய உண்மையான பெயர் பல்கலைக்கழக ஒப்பந்தப் பத்திரத்தில் மட்டும் இருந்தது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் ஹலோ அங்கிள்தான். அவருடைய ஆற்றலை விளக்க, நான் விடுதிக்கு வந்த முதல் வாரத்தில் நடந்ததை வரிசையாகத் தருகிறேன்.

1. செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டில், ஆறு இடியப்பத்தில் நான்கை மிச்சம் வைத்தேன்.

2. புதன் காலை ஆறு பத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா அழைத்தார். "ஏன் பிள்ளை, நாலு இடியப்பத்தை மிச்சம் வச்சனி?"

3. யாழ்ப்பாணத்துக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர். "ஆர் சொன்னது?" என்று கேட்டேன். "அந்தச் சாப்பாட்டு அண்ணை. நல்ல அக்கறையான மனுசன்" என்றார் அம்மா.

4. புதன் இரவு ஆறு இடியப்பத்தையும் சாப்பிட்டேன்.

5. வியாழன் காலை அம்மா மறுபடி அழைத்தார். "கெட்டிக்காரி. ஆனா முகத்தைச் சுழிச்சுக்கொண்டு சாப்பிட்டியாம்."

6. ஞாயிற்றுக்கிழமை விடுதியில் உணவுக் குழுவைத் தெரிவு செய்தார்கள். செயலாளர் யார் என்று கேட்டு முடிப்பதற்குள் என் கை உயர்ந்திருந்தது.

விடுதி என்பது பல்கலைக்கழகம் மாணவிகளுக்காக வாடகைக்கு எடுத்திருந்த நான்கு மாடிக் கட்டடம். அறுபத்திரண்டு பேர் இருந்தோம். கட்டடத்துக்குள் அடுப்பு எரியக் கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை. ஆகவே காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோவில் வந்தன. ஓட்டோவை ஓட்டி வந்தவரும் பானைகளை இறக்கியவரும் அகப்பையைப் பிடித்தவரும் ஹலோ அங்கிள்தான்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சேர்ட். மேல்பையில் இரண்டு கைபேசிகள், இரண்டுமே பழையவை. துறைமுகத் தொழிலாளர்களின் கன்டீன் ஒன்றில் இருபது வருடம் சமைத்தவர். அது மூடப்பட்டபின் அவருக்குக் கிடைத்த வேலை எங்கள் விடுதி ஒன்றுதான். நாள் முழுக்க மூட்டை சுமந்தவர்களுக்குச் சோறு போட்டுப் பழகிய கை. அதே கையால் எங்களுக்கும் போட்டார். ஒரு கோப்பைச் சோற்றை (எங்களுக்குத் தட்டுத்தான் கோப்பை) எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினால் இடையில் ஒருமுறை இளைப்பாற வேண்டும்.

அம்மாமாரின் தொலைபேசி இலக்கங்களை அவர் சேர்த்த விதம் எளிமையானது. புதிய மாணவிகள் வரும் நாளில் வாசலில் பிளேன்ரீயும் கையுமாக நிற்பார். பத்து மணித்தியாலம் பஸ்ஸில் வந்த களைப்பிலும் பிள்ளையை விட்டுப் போகும் கவலையிலும் நிற்கிற ஒரு தாய்க்குச் சூடாகப் பிளேன்ரீ கொடுத்து, "அவசரத்துக்கு இருக்கட்டும், நம்பரைச் சொல்லுங்க அம்மா" என்றால் எந்தத் தாய் சொல்லாமல் இருப்பார்? எங்கள் சாப்பாட்டுக் கோப்பைகளின் அடியில் நகப்பூச்சால் அறை இலக்கமும் கட்டில் இலக்கமும் எழுதப்பட்டிருந்தன. நாங்கள் சாப்பிட்டு முடித்ததும் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கோப்பையையும் பார்ப்பார். பிறகு ஒழுங்கைக்கு இறங்கி, ஓட்டோவில் சாய்ந்துகொண்டு, கடற்கரை வரை கேட்கும் குரலில் தொடங்குவார்.

"ஹலோ, அம்மாவா? நான் சாப்பாட்டு அங்கிள் கதைக்கிறேன். ஒண்டும் பயப்பட வேணாம், மகள் சுகமா இருக்கிறாங்க. பிட்டுல பாதி மிச்சம், அதான் சொல்லலாமெண்டு. காதல் கீதல் ஒண்டும் இருக்கிற மாதிரித் தெரியல்ல. நான் கவனிச்ச வரைக்கும் வயித்துப் பிரச்சினைதான்."

முதலாம் மாடியிலிருந்து நான்காம் மாடி வரை யன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். யாருடைய வயிறு என்று தெரியாதவரை எங்களுக்குத் தூக்கம் வராது.

என் அறைத்தோழி தர்ஷினி ஹட்டனைச் சேர்ந்தவள். இந்த உளவு வலையை உடைக்கப் போவதாகச் சபதம் எடுத்தாள். ஒருநாள் தன் சோற்றில் முக்கால்வாசியைப் படிக்கட்டுக்குக் கீழே படுத்திருந்த பூனைக்குக் கொடுத்துவிட்டு, துடைத்து வைத்த கோப்பையோடு கம்பீரமாகத் தொட்டிக்குப் போனாள். மறுநாள் காலை அவளுடைய அம்மாவின் அழைப்பு.

"அந்தாளு என்ன சொல்லிருக்காரு தெரியுமாடி?" அவள் கட்டிலில் விழுந்து தலையணையைக் குத்தினாள். "மகளும் நல்லாச் சாப்பிட்டாங்க, பூனையும் நல்லாச் சாப்பிட்டுச்சு, ரெண்டு பேருக்கும் சேர்த்து இனிக் கொஞ்சம் கூடப் போடுறேன்னு சொல்லிருக்காரு!"

இனித் தரத்தைப் பற்றிப் பேச வேண்டும். நான் இப்போது தரக் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறவள். அப்போது படித்துக்கொண்டிருந்ததும் அதற்குப் பக்கத்தில்தான். ஆகவே உணர்ச்சிவசப்படாமல் எழுதுகிறேன்.

பருப்புக்கறி: மஞ்சள் நிறம் இருந்தது. மீன்குழம்பு: மீன் இருந்தது, குழம்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. கத்தரிக்காய்: அவித்திருந்தார். சம்பல்: தேங்காய்ப்பூ. சொதி: வெந்நீர் குடித்தால் உடம்புக்கு நல்லது என்பார்கள் அல்லவா, அந்த வகையில் நல்லது.

இத்தனைக்கும் பொருட்களில் குறை சொல்ல இடமில்லை. மீனை விடியற்காலையில் பேலியகொடைச் சந்தைக்குத் தானே போய்ச் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குவார். காய்கறி அன்றன்று வந்தது. அத்தனையும் நல்ல பொருட்கள். பானைக்குள் இறங்கியதும் எல்லாம் ஒரே சுவையாகி, அந்தச் சுவையும் இல்லாமல் போயிற்று.

"அந்தாளுக்கு நாக்கே இல்லடி" என்பது தர்ஷினியின் முடிவு. "ஹார்பர்ல வேல செஞ்சாருல்ல, அங்கேயே கழண்டு கடல்ல விழுந்திருக்கும்."

நான் முடிவுக்கு அவசரப்படவில்லை. என் மூன்றாம் வருடத்தில், அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் காலம் நெருங்கியபோது, முப்பது நாட்களுக்கு ஓர் அட்டவணை போட்டேன். உப்பு, உறைப்பு, புளிப்பு, மணம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி. தினமும் இருபது பேரிடம் வாங்கிச் சராசரி எடுத்து வரைபடம் கீறினேன். கோடு ஒன்றுக்குக் கீழே படுத்திருந்தது. எனக்கு விசித்திரமாகப் பட்டது அது அல்ல. முப்பது நாளும் அந்தக் கோடு நேராகப் போனது. சோம்பேறி சமைத்தால் ஒருநாள் உப்புக் கூடும், ஒருநாள் அடிப்பிடிக்கும், ஒருநாள் தவறுதலாக நன்றாகக்கூட வந்துவிடும். இது யாரோ அளந்து, கவனமாக, வேண்டுமென்றே செய்கிற வேலை.

இன்னொரு செய்தியும் கையில் இருந்தது. அவர் இந்த விடுதிக்கு வந்து ஏழு வருடம். முதல் வருடம் அவருடைய பருப்புக்கறிக்காக வீட்டுக்குப் போகாமல் லீவுக்கும் விடுதியில் தங்கியவர்கள் இருந்தார்களாம். மூத்த மாணவிகள் வரலாற்றை மிகைப்படுத்துவது வழக்கம்தானே என்று நாங்கள் அதை நம்பவில்லை.

நான்கு பக்க அறிக்கை எழுதினேன். அறுபத்திரண்டு பேரில் ஐம்பத்தெட்டுப் பேர் கையெழுத்து வைத்தார்கள். மிச்ச நான்கு பேரும் அம்மாவுக்குப் பயந்தவர்கள். மாற்று ஏற்பாடும் தயாராக இருந்தது: வேறொரு சாப்பாட்டு முதலாளி, படம் போட்ட பளபளப்பான மெனு அட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் இருந்த ஃப்ரைட் ரைஸின் படத்தைத் தர்ஷினி தன் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்தாள். திங்கட்கிழமை மாலை பல்கலைக்கழகத்திலிருந்து நலன்புரி அதிகாரி வருவார், சாப்பாட்டைச் சுவைத்துப் பார்ப்பார், அறிக்கையை வாங்குவார், அன்றைக்கே முடிவு.

வெள்ளிக்கிழமை அறிக்கையை வோர்டனிடம் கொண்டுபோனேன். அவர் கண்டியைச் சேர்ந்த சிங்களப் பெண்மணி. தமிழை அளந்துதான் செலவழிப்பார். நான்கு பக்கத்தையும் புரட்டிவிட்டுத் திருப்பித் தந்தார்.

"கிச்சன் பார்த்ததா?"

"இல்ல மெடம்."

"ரூல் இருக்கு. கிச்சன் பார்க்காம ரிப்போட் எடுக்க ஏலாது."

சனிக்கிழமை மத்தியானம் தர்ஷினியும் நானும் கொட்டாஞ்சேனையில் இறங்கினோம். கோயில் மணியும் தேவாலய மணியும் ஒரே நேரத்தில் அடிக்கிற சந்தி அது. அங்கிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையின் கடைசியில் வீடு; வீட்டுக்குப் பின்னால் சமையல்கட்டு. பல்லி, கரப்பான், ஊசிப்போன எண்ணெய் எல்லாம் இருக்கும் என்று எதிர்பார்த்துக் குறிப்பேட்டில் மூன்று தலைப்புகள் எழுதி வைத்திருந்தேன். மூன்றுக்கும் எதிரே ஒன்றும் எழுத முடியவில்லை. தரையில் எங்கள் முகம் தெரிந்தது. நான்கு பெண்கள் தலையில் துணி கட்டிக்கொண்டு இரவுச் சாப்பாட்டுக்குக் காய் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஹலோ அங்கிளுக்கு நாங்கள் எதற்கு வந்தோம் என்று தெரியும். அறிக்கை விடயம் எந்த அம்மா மூலமாகவோ வந்துவிட்டிருந்தது. ஆனால் அவருக்கு அவசரமான கேள்வி வேறு.

"சாப்பிட்டீங்களா மகள்?"

"இல்ல அங்கிள், நாங்க பார்த்திட்டுப் போயிடுவம்" என்றேன்.

"பார்க்கலாம், பார்க்கலாம். சமையல்கட்டு எங்கயும் ஓடாது. ரீட்டா, ரெண்டு கோப்பை போடு."

அவருடைய மனைவி ரீட்டா அன்ரி மூலையில் ஒரு சின்ன அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினார். சோறு, பருப்புக்கறி, பாரை மீன்குழம்பு. மரியாதைக்கு ஒரு வாய் வைத்தேன்.

அந்தப் பருப்பைப் பற்றி எழுத எனக்குப் பயிற்சி போதாது. தேங்காய்ப்பால் தடிப்பாக இறங்கியிருந்தது. தாளித்த உள்ளியும் வெங்காயமும் செத்தல் மிளகாயும் தனித்தனியாகத் தெரிந்தன. எல்லாம் சேர்ந்தும் தெரிந்தன. தர்ஷினி குனிந்த தலையோடு அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். இரண்டாவது கோப்பைக்குப் பிறகுதான் நிமிர்ந்தாள்.

"அங்கிள், இத யாரு சமைச்சா?"

"நான்தான் மகள்."

"நீங்களா? அப்புறம் எங்களுக்கு மட்டும் ஏன் மஞ்சள் கரைச்ச தண்ணி கொண்டாறீங்க?"

அவர் முகத்தில் கோபமில்லை. குழந்தை ஏதோ தெரியாமல் கேட்டதுபோலச் சிரித்தார். "இது வீட்டுச் சாப்பாடு மகள். உங்களுக்கு இப்படிச் சமைக்க ஏலுமா? பெரிய பொறுப்பு இல்லையா அது." உள்ளே போய் கணக்கு எழுதுகிற ஒரு தடித்த சி.ஆர். கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். என்னுடைய பக்கத்தைக் கண்டுபிடித்தேன். பெயர், அறை இலக்கம், அம்மாவின் தொலைபேசி. அதன் கீழே உருண்டையான கையெழுத்தில்: 'பச்சை மிளகாய் கூடாது. தரம் ஒன்பது படிக்கும்போது வயிற்றெரிவு. புளி குறைவு, சளி பிடிக்கும்.'

தர்ஷினியின் பக்கத்தில்: 'எண்ணெய் ஆகாது. முகப்பரு.'

"எங்கம்மா என் முகப்பருவ கொட்டாஞ்சேன வரைக்கும் பரப்பி வச்சிருக்கா!"

நான் பக்கங்களைப் புரட்டினேன். மட்டக்களப்பு அம்மா: தேங்காய்ப்பால் வேண்டாம், சின்ன வயதில் ஒருமுறை வாந்தி. மன்னார் அம்மா: உள்ளி வேண்டாம், பிள்ளை விரிவுரையாளர்களுக்கு முன்னால் வாய் திறந்து பேச வேண்டும். வவுனியா அம்மா: வெங்காயம் வேண்டாம், இறுதிப் பரீட்சை முடியும்வரை நேர்த்திக்கடன். மாத்தறை அம்மா சிங்களத்தில் சொன்னதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதியிருந்தார்: செத்தல் மிளகாய் வேண்டாம். திருகோணமலையில் ஒரு தாய் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். காரணம்: 'தகப்பனுக்குப் பிரஷர். பரம்பரை.'

கணிதத்தில் இடைவெட்டு என்று ஒன்று படித்திருக்கிறோம். பல பட்டியல்களை எடுத்து, எல்லாவற்றுக்கும் பொதுவானதை மட்டும் மிச்சம் வைப்பது. அத்தனை அம்மாமாரும் அனுமதித்த பொருட்களை மனத்துக்குள் எடுத்துப் பார்த்தேன். பருப்பு மிஞ்சியது, மஞ்சள் மிஞ்சியது, தண்ணீர் மிஞ்சியது. என் வரைபடத்தில் கோடு ஏன் நேராகப் போனது என்று முப்பது நாளுக்குப் பிறகு விளங்கியது.

"அங்கிள், ஒரு ஆளுக்குக் கூடாதெண்டா அந்த ஆளுக்கு மட்டும்தானே கூடாது?"

"ஒரு பானைதானே மகள். பானைக்குள்ள கோடு போட்டுப் பிரிக்க ஏலுமா?"

"சரி, இந்த உள்ளி வேண்டாமெண்ட அக்கா எங்களுக்கு முன்னமே படிச்சு முடிச்சிட்டுப் போயிட்டாவே?"

"ஓம், இப்ப பேங்க்ல வேலை. கல்யாணமும் முடிஞ்சு."

"பிறகேன் இன்னும் உள்ளி போடுறேல்ல?"

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "அவங்கட அம்மா இன்னும் கொப்பியில வெட்டச் சொல்லல்லையே."

ஏழு வருடம். வந்த பிள்ளைகளின் விலக்குகள் சேர்ந்தனவே தவிர, போன பிள்ளைகளின் விலக்குகள் ஒன்றும் போகவில்லை. ஆளே இல்லாத கட்டில்களுக்கும் அவர் பத்தியம் காத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எங்களிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்க கேட்கல்லையே மகள். முகத்தைச் சுழிச்சீங்க. அதை அம்மாவுக்குச் சொன்னேன்."

காய் வெட்டிய பெண்கள் இப்போது வெட்டவில்லை. நான்கு பேரும் என் கையில் இருந்த குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விடுதி போனால் அந்தச் சமையல்கட்டுக்கு வேறு வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும்; அவர்களுக்கும் தெரியும். ஹலோ அங்கிள் எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

"நீங்க எழுதினத எழுதினபடி குடுங்க மகள். பொய் எழுத வேணாம். பிள்ளைகள் பட்டினி எண்டு மட்டும் எழுதாதீங்க. அம்மாமார் பயந்திடுவாங்க."

"அங்கிள், நாங்களே சொல்லுறம், எல்லாத்தையும் போட்டுச் சமையுங்கோ. இண்டைக்கே மாத்துங்கோ."

"அதெப்படி ஏலும்? சொன்னவங்கதான் வெட்டணும். பிள்ளைகள் சொல்லி நான் மாத்தினா நாளைக்கு எந்த அம்மா என்னை நம்புவாங்க?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் தர்ஷினி கேட்டாள், "ரிப்போட்ட கிழிச்சிரலாமா?"

"கிழிக்க ஏலாது. முப்பது நாளும் நடந்ததுதானே. முப்பத்தோராம் நாளைச் சேர்க்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு அறையில் அறுபத்திரண்டு பேரையும் கூட்டி வேலையைப் பிரித்துக் கொடுத்தேன். ஒவ்வொருவரும் தன் அம்மாவை அழைப்பது. தான் வளர்ந்துவிட்டதை அறிவிப்பது. அம்மா ஹலோ அங்கிளை அழைத்து விலக்கை நீக்குவது. பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். பொறியியலில் எனக்கு அனுபவம் இருந்தது, அம்மாமாரில் இல்லை.

"உனக்கு வயித்தெரிவு வரும்" என்றார் என் அம்மா.

"அம்மா, அது தரம் ஒன்பதில. இப்ப நான் பொறியியல் மூண்டாம் வருசம்."

"பொறியியல் படிச்சா வயிறு மாறுமோ?"

"அம்மா!"

"சரி, கத்தாதை. ஒரு பச்சை மிளகாய்க்கு ஓமெண்டு சொல்லுறன்."

"அறுபத்திரண்டு பேருக்குச் சேர்த்து ஒண்டோ?"

"மற்றப் பிள்ளையளின்ர அம்மாமார் என்ன சொல்லினம்?"

இந்த இடத்தில்தான் எல்லாம் நின்றது. அத்தனை தாய்மாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மற்ற அம்மாமார் என்ன சொல்கிறார்கள்? முதலில் விட்டுக்கொடுத்தவர் என்று பெயர் எடுக்க ஒருவரும் தயாரில்லை. மத்தியானம் வரை விலக்கை நீக்கச் சொல்லி ஹலோ அங்கிளுக்கு ஓர் அழைப்பும் போகவில்லை. நான்காம் மாடியில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய அம்மா புதிதாக இரண்டு விலக்குகளைச் சேர்த்துவிட்டாராம்.

வழியைத் திறந்தது தர்ஷினியின் அம்மாதான். அதுவும் தர்ஷினி எரிச்சலில் கத்தியதால். "நீ எண்ணெ வேணாம்னு சொன்னதால இங்க அறுபத்தொரு புள்ளைங்க வாய்க்கு ருசியில்லாம திங்குதும்மா! என் ஒரு முகப்பருவுக்கு!"

மறுமுனையில் அம்மா பதறினார்: "ஐயய்யோ! நான் எம்புள்ளைக்குத்தானே சொன்னேன்? ஊரான் புள்ளைங்க வயித்துல நான் ஏன் அடிக்கணும்? வை போன. அந்த அண்ணன் நம்பர் எங்கிட்ட இருக்கு."

அந்த வாக்கியத்தை உடனே எழுதி எல்லா மாடிக்கும் கொடுத்தேன். தன் பிள்ளைக்காக மலைபோல் அசையாமல் நின்ற தாய்மார், மற்றவர் பிள்ளைகள் என்றதும் ஓடி வந்தார்கள். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு ஹலோ அங்கிளின் இரண்டு கைபேசிகளும் ஓயவில்லை. ஏழு வருடத்தில் முதல் தடவையாக எதிர்ப்பக்கத்திலிருந்து "ஹலோ, அண்ணனா?" என்று கேட்டது. சிவப்புப் பேனையால் வெட்டிக்கொண்டே இருந்தாராம். படித்து முடித்துப் போனவர்களின் பக்கங்களைக் கிழித்து எறியச் சொன்னபோது மறுத்துவிட்டார். இனித் திறக்காதபடி எல்லாவற்றையும் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடிக்க மட்டும் சம்மதித்தார். என் அம்மா புளியையும் விட்டுக்கொடுத்ததாகப் பிறகு அறிந்தேன்.

திங்கட்கிழமை மாலை ஆறரைக்கு ஓட்டோ வந்தது. பானைகளின் மூடியைத் திறந்தபோது நான்காம் மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். பிட்டு, பருப்பு, மீன்குழம்பு, சிவந்த சம்பல். ஹலோ அங்கிள் அகப்பையோடு நின்றார். எவருடைய முகத்தையும் பார்க்கவில்லை, கோப்பைகளை மட்டும் பார்த்தார்.

நான் ஒன்றைக் கணக்கில் எடுக்கத் தவறியிருந்தேன். அதை இன்றுவரை என் தொழில்வாழ்க்கையின் முதல் பிழையாக நினைக்கிறேன். அவர் கொண்டுவந்த அளவு, பாதியை மிச்சம் வைக்கிற அறுபத்திரண்டு பேருக்கான அளவு. அன்றைக்கு ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை. தர்ஷினி மூன்று தரம் வந்தாள். ஃப்ரைட் ரைஸ் படத்தை என்ன செய்வது என்று கேட்டதற்கு, "எந்தப் படம்?" என்றாள். ஏழே காலுக்குப் பானைகளில் கரண்டி அடிப்பகுதியைத் தட்டியது.

ஏழு மணிக்கு வர வேண்டிய நலன்புரி அதிகாரி காலி வீதி நெரிசலில் மாட்டி ஏழு நாற்பதுக்குத்தான் வந்தார். அவருக்காக ஒரு கோப்பையை மூடி வோர்டனின் அறையில் பத்திரமாக வைத்திருந்தோம். எடுக்கப் போனபோது கோப்பை இருந்தது.

"டேஸ்ட் மட்டும்தான் பார்த்தது" என்றார் வோர்டன். வருடக்கணக்காக வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்தவர் அவர். விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஹலோ அங்கிளின் முகம் வெளிறிப் போனது. ஒப்பந்தம் போய்விடும் என்பது ஒரு பக்கம். அவர் எதிரில் ஒரு மனிதர் பசியோடு நிற்கிறார், போட ஒன்றும் இல்லை என்பது மறுபக்கம். அவரை அடித்தது இரண்டாவதுதான். "சேர், கொஞ்சம் பொறுங்க. கொட்டாஞ்சேனைக்குப் போயிட்டு ஓடி வந்திடுவேன்."

"இந்த ட்ராஃபிக்லயா?" என்ற அதிகாரி என்னிடமிருந்து அறிக்கையை வாங்கினார். ஐந்தாவது பக்கமாக முப்பத்தோராம் நாளைச் சேர்த்திருந்தேன். வரைபடத்தைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

"இது என்ன, கடைசியில கோடு தாளை விட்டு வெளிய போகுது?"

"ஐந்துக்கு ஆறு போட்டவங்களும் இருக்கிறாங்க சேர்."

அவர் பானைப் பக்கம் போனார். ஓரத்தில் ஒட்டியிருந்த பிட்டுத் துண்டு ஒன்றை எடுத்து, பருப்புப் பானையின் உட்பக்கத்தை ஒரு சுற்றுத் துடைத்து வாயில் போட்டார். அறுபத்திரண்டு பேரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இன்னும் கொஞ்சம் இருக்கா?"

"இல்ல சேர்."

பேனையை எடுத்து எழுதினார். தரம்: திருப்தி. அளவு: போதாது. ஒப்பந்தம்: ஆறு மாதம் நீடிக்கலாம்.

நாங்கள் கத்திய கத்தலில் ஒழுங்கை முழுக்க விளக்குகள் எரிந்தன. ஹலோ அங்கிளுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. அதிகாரி வாகனத்தில் ஏறும்போது பின்னாலேயே ஓடினார், கையில் கைபேசி.

"சேர், வீட்டு நம்பரைக் கொஞ்சம் தாங்க. சேர் இன்னும் சாப்பிடல்ல எண்டு மிஸிஸுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுறேன்."

இன்றைய நிலை இது. ஆறு மாதம் முடிந்து ஒரு வருடம் கிடைத்தது. பிறகு இன்னொரு வருடம். விடுதி இன்னும் அவரிடம்தான். பானை இப்போது இரண்டு: ஒன்று பொதுவானது, மற்றது உண்மையாகவே வயிறு சரியில்லாதவர்களுக்கு. தரம் சில நாட்கள் நன்று, சில நாட்கள் சுமார், ஒருநாள் அடிப்பிடித்ததாகவும் கேள்வி. நான் படித்து முடித்து ஒருகொடவத்தைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், வெள்ளவத்தையிலேயே ஓர் அறை எடுத்திருக்கிறேன். கீழே இறங்கினால் பத்துச் சாப்பாட்டுக் கடை. கொட்டாஞ்சேனைக்கு இரண்டு பஸ் ஏற வேண்டும், சனிக்கிழமைகளில் நெரிசல் அதிகம். ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிறேன்.